ஆற்றுவாய் திறக்கும் காலம்

மட்டக்களப்புக்குப் போய்வந்தோம் என்று சொன்ன மாத்திரத்தே, "மீன் பாடியதா?" என்று கேளாதவர் அரியர். மீன்பாடும் தேன்நாடு என்னும் புகழ்மொழி நம்மவர் நாவிலே அத்துணை ஆழமாகப் பதிந்துவிட்டது. நாமும் கல்லடிப் பாலத்தருகே நிலாக்கால இரவொன்றில் தோணியிலிருந்து, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியைக் காதிலே பொருத்திக் காத்திருந்தவர்களே. ஏதோ மெல்லிய நாதம் கேட்டது போலவும் இருந்தது. கேளாதது போலவும் இருந்தது. தோணி வலித்த பெரியவர் எமது முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

"பாட்டை விடுங்க மனே. மீனைக் கேளுங்க. எந்த மாசம் எந்த மீன் உள்ளுக்கு வரும், எந்த மாசம் வெளியால போகும் எண்டு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியும்."

அந்த வார்த்தையே இக்கட்டுரைக்கு வித்து. அதன்பின் ஓராண்டுக்குள் மூன்று தடவை, ஆவணியிலும் மார்கழியிலும் மாசியிலும், அதே பெரியவரின் தோணியில் அதே இடங்களுக்குச் சென்றுவந்தோம். கடைசித் தடவை, உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவர் இருவரும் எம்முடன் வந்தனர்.

மட்டக்களப்பு வாவி, வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை, கடற்கரையை ஒட்டியவாறு ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. பழைய கணக்கிலே 35 மைல். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்நிலம் ஒன்றுண்டு. கதிரவன் எழும் பக்கமாதலின் அதற்கு எழுவான்கரை என்று பெயர். வாவிக்கு மேற்கே, கதிரவன் படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையிலே சந்தையும் பள்ளிக்கூடமும் நெருங்கிய குடிமனைகளும். படுவான்கரையிலே வயலும் குளமும் மாட்டுப்பட்டியும். இரு கரைகளுக்கும் இவ்வளவு பொருத்தமான பெயர் வைத்தவர் யாரோ, அவரை வணங்கத் தோன்றுகின்றது. 2014ஆம் ஆண்டிலே மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, அவ்விடத்திலே கரை விட்டுக் கரை செல்வோர் ஓடத்தையே நம்பியிருந்தனர்.

இத்துணைப் பெரிய நீர்ப்பரப்பு கடலோடு கலப்பது இரண்டே வாய்களால். ஒன்று, நகருக்கு வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம். மற்றது தெற்கே கல்லாறு. இவை ஆண்டு முழுவதும் ஒரே அளவாகத் திறந்திருப்பவையல்ல. மழை குன்றி நீரோட்டம் தளர்ந்த மாதங்களிலே, அலை கொண்டுவந்து ஒதுக்கும் மணல் வாயை ஒடுக்கிவிடும்; பல சமயங்களில் அடைத்தேவிடும். மாரி பெருகும்போது, உள்ளே தேங்கிய நீர் தானே மணலை உடைத்துக்கொள்ளும். அல்லது மனிதர் வெட்டிவிடுவர். வாவியை ஆறு என்றே பேசுவது இவ்வூர் வழக்கமாதலின், இதற்கு ஆற்றுவாய் வெட்டுதல் என்று பெயர்.

ஆவணியில் நாம் சென்றபோது முகத்துவாரம் ஓடையளவாக ஒடுங்கிக் கிடந்தது. 1913ஆம் ஆண்டிலே கட்டப்பட்ட வெளிச்சவீடு வெயிலில் வெள்ளைவெளேரென நிற்க, அதன் அண்மையிலே பெரியவர் தோணியை ஒரு சிற்றோடைக்குள் திருப்பினார். இத்தகைய ஓடைகளைக் கிழக்கிலே பல இடங்களில் தோணா என்பர். இருமருங்கும் கண்டல் மரங்கள்; ஊரவர் வாயில் அவை கண்ணா. வில்லாக வளைந்த வேர்கள் சேற்றிலே ஊன்றி நிற்க, வேர்களிடையே நிழலாடியது நீர். நாவில் வைத்துப் பார்த்தோம், கடல்நீராகவே கரித்தது.

நம் நாட்டுக் கரைகளிலே கடலின் வற்றுப்பெருக்கு பெரிதன்று. உயர்ந்த பெருக்குக்கும் தாழ்ந்த வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரை எட்டுவதில்லை. வாய் ஒடுங்கிய காலத்தில், உள்ளே அது சாண் அளவாகக் குறைந்துவிடும். ஆயினும் மீன்களுக்கு அந்தச் சாண் போதும். நீர் ஏறும்போது சிறு மீன்கள் வேர்களிடையே நுழைந்து உதிர்ந்த இலைமக்கலையும் அதிலே பிழைக்கும் நுண்ணுயிர்களையும் மேய்கின்றன. இறங்கும்போது ஓடையின் நடுப்பள்ளத்துக்கு மீள்கின்றன. அவற்றைத் தின்ன வரும் பெரிய மீன்களுக்கு அந்த வேர்க்காட்டினுள் உடல் நுழையாது. குஞ்சுக்கு உணவும் காவலும் ஒரே இடத்தில்.

பெரியவர் வீச்சுவலையை மும்முறை வீசினார். வலையில் வந்தவற்றை மணலில் பரப்பிப் பார்த்தபோது, பாதிக்கு மேல் கடலுறவுடையவை: ஓரா, விரலளவான பாரைக்குஞ்சுகள், ஒல்லியாக ஒரு சீலா. அவற்றோடு வெள்ளியாய் மின்னும் மணலை. கெளிறு ஒன்று வாயைத் திறவாமலே துடித்தது. அதன் வாயினுள்ளே கோலிக்குண்டு போன்ற முட்டைகள் இருந்தன. கடற்கெளிற்று இனத்திலே ஆண்மீன்தான் முட்டைகளை வாயில் ஏந்தி, பொரித்துக் குஞ்சாகும் வரை பட்டினி கிடந்து காக்கும். பெரியவர் அதனை மெல்ல எடுத்து மீண்டும் நீரில் விட்டார்.

"ஒரு கறிக்கு இதைப் பிடிச்சா, பத்துக் கறி போயிரும்," என்றார்.

வாவியை விட்டு எங்கும் போகாத குடிமக்களும் வலையில் இருந்தனர். உடலிலே பச்சைக் கறுப்புப் பட்டைகளும் முத்துப்போன்ற புள்ளிகளும் உடைய தட்டையான மீன் ஒன்று. சிங்களத்தில் மல் கோரலியா என்பர், தமிழில் இடத்துக்கு இடம் பெயர் வேறுபடும். உவர்நீரிலேயே பிறந்து, அங்கேயே குடும்பம் நடத்தி, தாயும் தந்தையுமாகக் குஞ்சுகளைக் காப்பது இது. அதன் அருகே திலாப்பியா. இது 1952ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. குளத்துக்கென்று வந்தது உவர்நீரையும் தனதாக்கிக்கொண்டது. விருந்தாளி வீட்டுக்காரனான கதை!

கோடையின் அமைதியிலே ஓர் ஆபத்தும் உண்டு. வெயிலால் நீர் வற்றிச் சூடேறும், நீர்ப்பாசி பெருகும். பகலில் பாசி ஒட்சிசனைத் தரும். இரவில் அதுவும் மீனோடு போட்டியிட்டு ஒட்சிசனை உண்ணும். ஆகவே விடியற்புறத்திலேதான் மீனுக்கு மூச்சு முட்டும். சில விடியல்களில் ஓடையெங்கும் மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறப்பதைப் பார்க்கலாம் என்றார் பெரியவர். அது எல்லை மீறினால், கரையெங்கும் மீன் செத்து ஒதுங்கும்.

இவ்விடத்திலே பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நாதம் கேட்பதாகச் சொல்லப்படுவது சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையான இந்த அமைதியான மாதங்களிலேதான். குடியேற்ற ஆட்சிக் காலத்திலே உயர்ந்த பதவி வகித்த சேர் எமேர்சன் ரெனன்ற் 1848ஆம் ஆண்டிலே அதனைக் கேட்டதும் செப்ரெம்பர் மாதத்தில்தான். அவருடைய 1859ஆம் ஆண்டு நூலின்படி, மீனவர்கள் அவரிடம் அதனை மீனின் பாட்டு என்னாது ஊரியின் ஒலி என்றே சொன்னார்களாம். மாரி வந்ததும் அது அடங்கிவிடும். ஓசையெழுப்புவது மீனோ சிப்பியோ, அதுவும் பருவத்துக்கு அடங்கியதே போலும்.

மீன்களைப் பருவம் ஏன் இப்படி ஆட்டிப் படைக்கின்றது? மாணவர்கள் பாடப்புத்தகத்திலே படித்தது இங்கே கண்முன் நடக்கின்றது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புண்டு. மீனின் குருதியில் உள்ளதோ அதன் மூன்றிலொரு பங்களவு. ஆகையால் கடலிலே மீனின் உடலிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டேயிருக்கும். அது கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைப் பூக்களின் வழியாக வெளியேற்ற வேண்டும். நன்னீரிலோ நிலைமை நேர்மாறு. நீர் உடலினுள்ளே புகுந்துகொண்டேயிருக்கும். மீன் குடியாமலே இருந்து, மெல்லிய சிறுநீராகப் பெருமளவு நீரைக் கழிக்கவேண்டும். இவ்விரண்டு வேலையையும் மாறிமாறிச் செய்யக்கூடிய மீன் சிலவே. மணலையும் கொடுவாவும் பாலமீனும் அத்தகையன. ஓராவும் சீலாவும் அவ்வளவு வல்லமை பெற்றவையல்ல; நீர் இனித்ததும் கடலை நோக்கிப் புறப்பட்டுவிடும்.

மார்கழியில் நாம் மீண்டும் சென்றபோது, அதே வாவியை அடையாளம் காண்பது அரிதாயிருந்தது. வாடைக்காற்றோடு வந்த மழை இரண்டு கிழமையாக ஓயவில்லை. படுவான்கரைக் குளங்கள் வான்பாய்ந்து, ஆறுகளெல்லாம் செம்மண் நீரை வாவிக்குள் தள்ளிக்கொண்டிருந்தன. ஆவணியில் இடுப்பளவு உயரத்தில் நின்ற கண்ணா வேர்கள் இப்போது நீருள் மறைந்திருந்தன. நாவில் வைத்தால் நீரில் உப்பேயில்லை. நாம் நின்ற அன்று ஆற்றுவாய் இன்னும் வெட்டப்படவில்லை. வெட்டுவதா, பொறுப்பதா என்பதே ஊரெங்கும் பேச்சு.

முகத்துவாரத்து மணல்மேட்டிலே, குடையும் கையுமாகப் படுவான்கரைப் போடியார் ஒருவர் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு. பெரும்போக விதைப்பு முடிந்து பயிர் சாணளவு வளர்ந்த வேளை அது. நம் பெரியவரை அவருக்கு முன்னமே தெரியும்.

"அண்ணன், எண்ட வயல் மூண்டு நாளாத் தண்ணிக்குள்ள கிடக்கு. இன்னும் ரெண்டு நாள் போனா வேர் அழுகிரும். நீங்க மீனைப் பாக்கிறீங்க, நான் சோத்தைப் பாக்கிறன்."

"வெட்டவேணாம் எண்டு நான் சொல்லல்ல, போடியார். வெட்டத்தான் வேணும். எப்ப வெட்டுற எண்டதுதான் பேச்சு. முதல் மழையோட வெட்டினா, வளராத இறாலெல்லாம் தண்ணியோட போயிரும். பிறகு மழை விட்டா, கடல்க் குஞ்சு உள்ளுக்கு வாறதுக்கு முதல் மண் வந்து வாயை மூடிரும். அப்ப மாசியில நான் எதைப் பிடிக்கிற?"

இருவரும் சினந்து பேசவில்லை. பேச்சு நின்றபோது போடியார் வெற்றிலைப் பையை நீட்டினார், பெரியவர் எடுத்துக்கொண்டார். ஆயினும் இருவரின் கண்களும் மணலிலேயே இருந்தன. ஒருவருக்கு நெல், மற்றவருக்கு மீன். இடையே தாழ்ந்த நிலத்துக் குடிசைகளுக்குள் நீர் புகுந்தோர் பலர். அவர்களுக்கு வாய் நேற்றே திறந்திருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு தை மாதத்துப் பெருவெள்ளத்தை மறந்தவர் இம்மாவட்டத்திலே யாருமிலர். அவ்வெள்ளத்தின் பின் நீர்மட்டத்தை அளந்து, இரு தரப்பாரையும் அழைத்துப் பேசி முடிவெடுப்பது இன்னும் இன்றியமையாததாயிற்று. எமக்கோ, அந்த மணல்மேட்டிலே நின்றபோது, இருவரில் ஒருவரைப் பிழையென்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாட் காலை வாய் வெட்டப்பட்டது. முற்காலத்தில் ஊரே மண்வெட்டியோடு திரளுமாம். இப்போது பெக்கோ இயந்திரம் ஒன்று போதும். முதலில் வெட்டியது வாய்க்கால் அளவான ஒரு கீறல்தான். அதனூடே நீர் சலசலத்துக் கடலை எட்டியதும், மிச்ச வேலையை நீரே செய்துகொண்டது. கரைமணல் பாளம் பாளமாக இடிந்து விழ, நண்பகலில் தாண்டக்கூடியதாயிருந்த இடம் மாலையில் ஆறாகிவிட்டது. நீலக்கடலிலே செந்நிறமாக ஒரு பெரிய விசிறி விரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்களைப் பெரியவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தனர்.

அன்றிரவு வாயின் இருமருங்கும் விளக்குகள். இறால் புறப்படுவது இருட்டிலேதான். அதிலும் வற்று நீரோடு. இறாலின் கதை விசித்திரமானது. தாய் இறால் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சு பல உருமாற்றங்களைக் கடந்து, இரண்டு மூன்று கிழமைகளில் நூல்துண்டுபோல வாவிக்குள் வருகின்றது. உள்ளே சில மாதம் தின்று வளர்ந்து, முற்றும் முதிரும் முன்னரே மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றது. திரும்பும் அந்த நாட்களே மீனவருக்கு அறுவடை. ஆற்று இறால் என்னும் நீலக்கையுடைய பெரிய இனத்துக்கோ வழி தலைகீழ். அது வாழ்வது நன்னீரில். முட்டை சுமந்த தாய் உவர்நீரை நாடிக் கீழே வரும். குஞ்சுகள் உவர்நீரிலே வளர்ந்து, பின்னர் ஓட்டத்தை எதிர்த்து மேலேறும். விலாங்கும் நன்னீரிலே வளர்ந்து கடலிலே முட்டையிடப் போவதுதான். ஒரே வாயிலால் உள்ளே வருவாரும் வெளியே போவாரும் தத்தம் நேரம் பார்த்திருக்கின்றனர். வெள்ளத்தோடு குளங்களிலிருந்து அடித்துவரப்பட்ட விரால்களும் அன்று வலையில் அகப்பட்டன. உப்புநீரைத் தாங்கமாட்டாத அவற்றுக்குக் கடல் ஒரு பொல்லாத முடிவு.

கொடுவாவுக்கும் இதுவே காலம். அது முதலில் ஆணாயிருந்து, சில ஆண்டுகள் சென்றபின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் பெண்மீன்கள். முட்டையிடுவது உப்பு மிகுந்த வாய்ப்புறங்களில். குஞ்சுகள் வளர்வது ஓடைகளிலும் வெள்ளம் நின்ற சதுப்புகளிலும். பெரிய கொடுவா வலையில் விழுந்தால் சந்தையிலே நல்ல விலை; ஆனால் அதோடு எத்தனை இலட்சம் முட்டை போகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பவர் யார்?

மாசியில் மழை விட்டிருந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. அலை தணிந்த காலையிலே மாணவர் இருவரையும் ஏற்றிக்கொண்டு பெரியவர் அதே ஓடைக்குள் தோணியை விட்டார். நீர் தெளிந்து, அரை உப்பும் அரை இனிப்புமாயிருந்தது. பெருக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். வேர்களின் ஓரத்திலே அத்தாங்கு ஒன்றை மெல்ல இழுத்து, வெள்ளை எனாமல் கோப்பையிலே கவிழ்த்தார். முதலில் வெறும் நீர்போலத்தான் தெரிந்தது. உற்றுப் பார்க்கப் பார்க்க நீரே உயிர்பெற்றது.

"ஐயா, இதெல்லாம் என்ன மீன்?" என்றான் ஒருவன்.

ஓரங்குலம் கூட இல்லாத வெள்ளிக்கீற்றுகள் மணலைக்குஞ்சுகள். கடலிலே பொரித்து, வாய் திறந்ததும் கூட்டங்கூட்டமாக உள்ளே வந்தவை. கண்மட்டும் கறுப்பாகத் தெரியும் நூல்கள் இறாற்குஞ்சுகள். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறு பாம்பொன்று நெளிந்தது, அது விலாங்குக்குஞ்சு. பாலமீன் குஞ்சு உண்டா என்று நாம் கேட்டோம். மடுவுக்கே பெயராக விளங்கும் மீனைக் காணாமற் போவது எங்ஙனம்?

"அது இன்னும் ஒரு மாசம் போகவேணும். பங்குனி, சித்திரையில வரும். மூணு கறுப்புப் புள்ளி மட்டுந்தான் தெரியும், பிள்ளைகள். ரெண்டு கண், நடுவில வயிறு. உடம்பைக் காணமாட்டீங்க. வாய் அதுவரைக்கும் மூடாம இருக்கவேணும்."

பாலமீனும் கடலிலே பிறப்பதுதான். பல்லில்லாத வாயால் அடிநீர்ப் பாசியை மேய்ந்து வாவிகளிலே வளர்ந்து, பருவமடையும்போது கடலுக்கே மீளும். வாய் அதற்குமுன் மூடிக்கொண்டால், அந்த ஆண்டுக் குஞ்சுகள் வெளியே அலையோடு நின்றுவிடும். மார்கழியில் போடியாரும் பெரியவரும் எண்ணிய நாட்கணக்கின் பயன் இந்த எனாமல் கோப்பைக்குள்ளேதான் தெரிகின்றது.

திரும்பும் வழியிலே ஓடையின் குறுக்கே ஒரு வலை கட்டியிருக்கக் கண்டோம். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தபோது அது மீன்வலையன்று, நுளம்புவலை. நுளம்பே புகாத கண்ணிலே எந்தக் குஞ்சு தப்பும்? பெரியவர் முகம் இருண்டது. கட்டியவர் யாரென அவருக்குத் தெரிந்திருந்தும் பெயர் சொல்லவில்லை. வறுமையால் செய்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். சற்று அப்பால், மண் நிரப்பி மேடாக்கிய ஒரு துண்டு நிலத்திலே கண்ணாக்கள் தறிக்கப்பட்டுக் கிடந்தன. போர் ஆண்டுகளிலே கரையோரக் கண்ணாக்கள் பல இடங்களில் அழிந்தன. இரவில் தொழிலுக்குப் போக முடியாத காலமும் இருந்தது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி கடல் பொங்கி நாவலடியை அள்ளிச் சென்றபோது உறவினரை இழந்தவர் இப்பெரியவர். அவற்றைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. தறித்த கண்ணாவைப் பற்றித்தான் அன்று வெகுநேரம் பேசினார்.

மாணவன் ஒருவன் கோப்பையிலுள்ள குஞ்சுகளைப் போத்தலில் இட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக விரும்பினான். பெரியவர் சற்று யோசித்தார். இறாற்குஞ்சு நாலையும் மணலைக்குஞ்சு இரண்டையும் போத்தலில் விட்டு, ஓடைநீரை நிரப்பிக் கொடுத்தார். மிச்சத்தை வேர்களின் அடியிலே கோப்பையைச் சாய்த்து ஊற்றினார். நாம் கரையேறியபோது பெருக்கு நின்று நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. பெரியவர் முகத்துவாரத்துப் பக்கம் திரும்பி, மணல் எவ்வளவு ஒதுங்கியிருக்கின்றது என்று கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.